பரங்கிக்காய் கேக் மசாலா வீட்டிலேயே அரைக்க: கிராம் கணக்கு, ஆல்ஸ்பைஸுக்கு மாற்று, மழைக்காலத்தில் பாதுகாப்பு

மஞ்சக்குப்பம்_அடுப்பு (கடலூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மேல்நாட்டில் இலையுதிர் காலம் வந்தால் பரங்கிக்காய் கேக், ஆப்பிள் கேக், இஞ்சி பிஸ்கட் எல்லாவற்றிலும் போடுகிறார்களே, அந்த ‘பம்ப்கின் பை ஸ்பைஸ்’ மசாலாவை வீட்டிலேயே அரைத்து வைக்கலாம் என்றிருக்கிறேன். இப்போது அரைத்தால் கிறிஸ்துமஸ் வரை வர வேண்டும்.

பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ் என்று ஐந்து பொருள் என்பது தெரியும். ஆனால் பார்க்கிற குறிப்பெல்லாம் கடைப் பொடியை ஸ்பூனால் அளந்து கலக்கச் சொல்கிறது. முழுசாக வாங்கி அரைப்பவர்களுக்கு கிராம் கணக்கு என்ன? ஆல்ஸ்பைஸ் இங்கே எந்தக் கடையிலும் இல்லை, பதிலுக்கு என்ன போடலாம்? கரம் மசாலா மாதிரி வறுத்து அரைப்பதா, பச்சையாகவா? கேக்கில் பிரியாணி வாசனை அடிக்காமல் இருக்க என்ன வழி? ஐப்பசி மழையில் பொடி கட்டிபிடிக்காமல் எப்படி வைப்பது?

கையில் இருப்பது மிக்ஸியின் சின்ன ஜார், இடிகல், 25 லிட்டர் ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்).

லாஸ்பேட்டை_ஓவன் (புதுச்சேரி) பதில்:

முதலில் அளவு. மொத்தம் 40 கிராம் வரும்:

பட்டை 24 கிராம்
சுக்கு 7 கிராம்
ஜாதிக்காய் 4 கிராம்
கிராம்பு 3 கிராம்
மிளகு 1 கிராம்
ஜாதிபத்திரி 1 கிராம்

இது அரைத்துச் சலித்த பிறகு இருக்க வேண்டிய எடை. பட்டையிலும் சுக்கிலும் நார் சல்லடையில் நின்றுவிடும் என்பதால் அந்த இரண்டை மட்டும் கால் பங்கு கூடுதலாக எடுத்து அரையுங்கள்.

சாதாரண சமையல் தராசு 1, 2 கிராமைச் சரியாகக் காட்டாது. கிராம்பு 3 கிராமுக்குப் பதில் 5 விழுந்தால் கலவையே கெட்டுவிடும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் பொடியாக்கிய பிறகு டீஸ்பூனில், தலை தட்டி: பட்டை 9, சுக்கு 4, ஜாதிக்காய் 2, கிராம்பு ஒன்றரை, மிளகு அரை, ஜாதிபத்திரி அரை.

ஆல்ஸ்பைஸ் என்பது பல மசாலாவின் கலவை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே மரத்தின் காய். ஜமைக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் வளரும் மரம்; காய் பழுக்குமுன் பறித்துக் காயவைத்தால் பெரிய மிளகு போல இருக்கும். கிராம்புக்கு மணம் தருகிற ‘யூஜினால்’ என்கிற அதே எண்ணெய்ப் பொருள்தான் அதிலும் முதன்மை. அதனால் கிராம்பைச் சற்றுத் தூக்கிவைத்து, துளி மிளகும் ஜாதிபத்திரியும் சேர்த்தால் கேக்கில் அந்த இடம் நிரம்பிவிடும். மேலே உள்ள அளவு அந்தக் கணக்கில் போட்டதுதான். எங்காவது ஆல்ஸ்பைஸ் கிடைத்தால் மிளகையும் ஜாதிபத்திரியையும் விட்டுவிட்டு, கிராம்பை 2 கிராமாக்கி, ஆல்ஸ்பைஸ் 3 கிராம் போடுங்கள். மொத்தம் அதே 40 வரும்.

வறுக்கவே கூடாது. கரம் மசாலா போகிற குழம்பு அரை மணிதான் கொதிக்கும். கேக் 170 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேகிறது, அந்த நேரத்திலேயே மசாலாவின் மணம் மாவில் இறங்கிவிடும். முதலிலேயே வறுத்தால் லேசாகப் பறக்கக்கூடிய எண்ணெய்கள் வாணலியிலேயே போய்விடும், மிஞ்சுவது கசப்பும் கருகல் வாசனையும்தான். நமக்கு வேண்டியது ஈரம் போவது மட்டும். மழை விட்டு வெயில் கிடைத்தால் இரண்டு மணி நேரம் போதும். இல்லையென்றால் ஓ.டி.ஜி.யை 100 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி அணைத்துவிட்டு, தட்டில் பரப்பிய மசாலாவை உள்ளே வைத்து அரை மணி விடுங்கள். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸிக்குப் போக வேண்டும்.

பிரியாணி வாசனைக்கு மூன்று காரணம். ஒன்று, அன்னாசிப்பூ, சோம்பு, பிரிஞ்சி இலை இவற்றில் ஏதோ ஒன்றை ‘மணமாக இருக்கட்டும்’ என்று சேர்ப்பது. அன்னாசிப்பூவில் ஒரு இதழ்கூட வேண்டாம். இரண்டு, வறுப்பது. மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: மிக்ஸி ஜார் மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர். கரம் மசாலாவின் எண்ணெய் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும், சோப்பு போட்டாலும் போகாது. வாஷரைக் கழற்றி மோந்து பாருங்கள், தெரியும். சோடா மாவு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, காயவைத்து, பிறகு ஜாரில் ஒரு பிடி பச்சரிசியை ஓட்டிக் கொட்டிவிட்டு மசாலாவை அரையுங்கள். வாசனை விடவே இல்லையென்றால் இதற்கென்று ஒரு வாஷர் தனியாக வாங்கிவிடுவது நல்லது.

அரைக்கும் வரிசை முக்கியம். பட்டையை இடிகல்லில் அரிசி அளவுக்கு நொறுக்கிக்கொள்ளுங்கள். முழுசாகப் போட்டால் பிளேடு முட்டி ஜார் சூடாகும், சூடு ஏறினால் மணம் போகும். பத்து நொடி ஓட்டி, அரை நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். பட்டை பாதி பொடியானதும் கிராம்பு, மிளகு, ஜாதிபத்திரி. ஜாதிக்காயைத் தனியாக மிக்ஸியில் போடாதீர்கள். அதில் எடையில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. தனியாக அரைத்தால் பிளேடுக்கு அடியில் களிம்பாக ஒட்டிக்கொள்ளும். துருவியில் சீவி, கடைசியில் பட்டைப் பொடியோடு சேர்த்து ஒரு சுற்று விட்டால் பொடி அந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு உதிரியாக வரும். சுக்கை மட்டும் தனியாக இடித்து, அரைத்து, சலித்துச் சேருங்கள்.

எல்லாம் கலந்ததும் இன்னொரு தடவை மெல்லிய சல்லடையில். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு எடுத்தால் தனித்தனி வாசனை அடங்கி ஒன்றாகத் தெரியும்.

பெரியமார்க்கெட்_பை (புதுச்சேரி) பதில்:

அரைக்கிறது எல்லாம் ஓவன் அண்ணா சொல்லிட்டார். வாங்குறதைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா பாதி தப்பு அங்கதான் நடக்குது.

மளிகைக் கடையில ‘பட்டை’ன்னு குடுக்குறது பெரும்பாலும் கேசியா. தடியா, ஒரே அடுக்கா, கறுத்த சிவப்பா இருக்கும், கையால உடைக்க முடியாது. இலங்கைப் பட்டை, அதாவது சுருள் பட்டை, காகிதம் மாதிரி மெல்லிசான பல அடுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருண்டு சுருட்டு போல இருக்கும். விரலால நசுக்கினா நொறுங்கிடும். இந்த மசாலாவுக்கு ரெண்டுமே ஆகும், ஆனா ருசி வேற. அமெரிக்காவுல ‘சினமன்’னு விக்கிறதே பெரும்பாலும் கேசியாதான், அதனால அந்த நாட்டுக் கேக்கோட அழுத்தமான வாசனை வேணும்னா கேசியா போடுங்க. சுருள் பட்டை இனிப்பா, லேசா, பூ வாசனையோட இருக்கும், அதை மட்டும் போட்டா வெல்லம் போட்ட கேக்குல அமுங்கிப் போயிடும். நான் பரிந்துரைக்கிறது 16 கிராம் கேசியா, 8 கிராம் சுருள் பட்டை.

ஒரு எச்சரிக்கை. கேசியாவுல கூமரின்னு ஒண்ணு இருக்கு, தினமும் நிறைய சாப்பிட்டா ஈரலுக்கு ஆகாது. சுருள் பட்டையில அது மிகக் குறைவு. எப்பவாவது ஒரு கேக் சாப்பிடுறவங்களுக்குக் கவலை இல்லை. இந்தப் பொடியைத் தினமும் காலையில ஓட்ஸுலயும் பால்லயும் போட்டுக்கப் போறீங்கன்னா முழுக்க சுருள் பட்டையில அரைங்க.

சுக்கு வாங்கும்போது வெள்ளை வெளேர்னு இருக்கறதை எடுக்காதீங்க, அது சுண்ணாம்பு பூசினது. மண் நிறத்துல, உடைச்சா உள்ள வெளிர் மஞ்சளா இருக்கணும். புழு ஓட்டை இருக்கான்னு பாருங்க. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ன்னு வைத்தியத்துல சொல்றது இங்கயும் பொருந்தும்: தோலைக் கத்தியால சுரண்டிட்டுத்தான் இடிக்கணும். தோலோட அரைச்சா மண் வாசனை கேக்குல நல்லாத் தெரியும்.

கிராம்புல மொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கணும். காம்பை நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியணும். ஒரு டம்ளர் தண்ணில போட்டுப் பாருங்க, நல்ல கிராம்பு மூழ்கும் இல்லைன்னா நெட்டுக்குத்தா நிக்கும். படுத்துக்கிட்டு மிதந்தா எண்ணெய் எடுத்த சக்கை. ஜாதிக்காய் கைல கனமா இருக்கணும், குண்டூசியால கீறினா எண்ணெய்ப் பசை தெரியணும்.

இதெல்லாம் கூபேர் மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. கடலூர்லயும் நாட்டு மருந்துக் கடைதான் சரி. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்ல மேல இருக்கறதை மட்டும்தான் பார்க்க முடியும், மோந்து பார்க்க முடியாது.

கடலோர_கேக் (புதுச்சேரி) பதில்:

எதற்கு எவ்வளவு போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. மாவின் எடையில் 2 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் மைதாவுக்கு 5 கிராம், அதாவது தலை தட்டி இரண்டு டீஸ்பூன். பிஸ்கட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம், மெல்லியதாக இருப்பதால் வாசனை சீக்கிரம் போய்விடும். வெறும் வெண்ணெய்க் கேக்குக்கு 1 சதவீதமே போதும், பரங்கிக்காயோ வாழைப்பழமோ அடிமணத்துக்கு இல்லாததால் மசாலா தூக்கலாகத் தெரியும்.

மசாலாவை மைதாவோடு சலிப்பதைவிட வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் கேக்காக இருந்தால் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அதில் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். இந்த வாசனையெல்லாம் கொழுப்பில் கரைகிறவை, அதே இரண்டு ஸ்பூன் தெளிவாகத் தெரியும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பிரெஞ்சு சமையலில் ‘கத்ர் எபீஸ்’ என்று நான்கு மசாலாக் கலவை உண்டு: மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு. பெயரைப் பார்த்துவிட்டு அதையே இதற்குப் பதிலாகப் போட நினைப்பவர்கள் உண்டு. அதில் மிளகுதான் தலைவன், இறைச்சிப் பக்குவங்களுக்குப் பெரிதும் போடுவது. இனிப்புக் கேக்கில் இரண்டு டீஸ்பூன் போட்டால் தொண்டை எரியும். வீட்டில் அது இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு பட்டைப் பொடி கலந்து சமாளிக்கலாம்.

கிறிஸ்துமஸ் வரை என்று சொன்னதால் விவிக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய பழமும் முந்திரியும் போட்ட நம் ஊர்க் கேக்குக்கு இந்த மசாலா பொருந்தும், ஆனால் கை அடக்கம் வேண்டும். அரை கிலோ ரவைக்கு ஒன்றரை டீஸ்பூன் போதும், ரம்மும் பழமும் தாமே பேச வேண்டும். பழம் ஊறவைக்கும் பாட்டிலில் பொடியைப் போடாதீர்கள், அடியில் சேறாகத் தங்கி வாரக்கணக்கில் ஊறினால் கிராம்பின் கசப்பு இறங்கும். அங்கே ஒரு விரல் நீளப் பட்டையும் நான்கு கிராம்பும் முழுசாகப் போட்டு, ஒரு வாரத்தில் எடுத்துவிட வேண்டும்.

மஞ்சக்குப்பம்_அடுப்பு:

அண்ணன்கள், அக்கா எல்லாருக்கும் நன்றி. பொடியை வைப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்வி. பரங்கிக்காய் கேக் நடுவில் அமுங்கி, அடியில் களி மாதிரி ஆவது எதனால்? ஈஸ்ட் போட்ட பன்னில் இதே மசாலாவைப் போட்டால் மாவு எழும்புவதில்லை என்கிறார்கள், உண்மையா?

லாஸ்பேட்டை_ஓவன்:

வைப்பது: கண்ணாடி பாட்டில் அல்லது எவர்சில்வர். கிராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கை மங்கலாக்கிவிடும், வாசனையும் அதிலேயே தங்கும். மூன்று வாரத்துக்கு ஆகிறதை மட்டும் சின்ன பாட்டிலில் வெளியே வையுங்கள். மீதியைக் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி ஃப்ரீசரில். தினமும் எடுத்துத் திறந்து மூடும் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. கடற்கரை ஊரில் மழை நாளில் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனித்துக் கட்டிபிடிக்க ஆரம்பிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொட வேண்டாம். ஆவி பறக்கும் பாத்திரத்துக்கு மேலே பாட்டிலை நேராகச் சாய்த்துக் கொட்டுவதும் அதே கேடுதான். பொடியின் மணம் மூன்று மாதம் நன்றாக இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள்; சுக்கும் பட்டையும் தனித்தனியாகத் தெரியவில்லை, மரத்தூள் வாசம்தான் வருகிறது என்றால் காலம் முடிந்தது.

கேக் அமுங்குவதற்குப் பெரும்பாலும் பரங்கிக்காயின் தண்ணீர்தான் காரணம். மேல்நாட்டுக் குறிப்புகள் டின்னில் வரும் கெட்டியான விழுதை வைத்து எழுதியவை. நம் காயை இட்லிப் பானையில் வேகவைத்து மசித்தால் அது கூழ். தோலோடு துண்டுபோட்டு, 200 டிகிரியில் 40 நிமிடம் சுட்டு, சதையை வழித்து மசித்து, அடிகனமான வாணலியில் மிதமான தீயில் கிளறுங்கள். தட்டில் ஒரு ஸ்பூன் வைத்தால் குவியலாக நிற்க வேண்டும், சுற்றிலும் தண்ணீர் வளையம் கட்டக் கூடாது. அதுவரை கிளற வேண்டும்.

அளவோடு சொல்கிறேன், 9க்கு 5 அங்குல ரொட்டித் தட்டுக்கு:

மைதா 220 கிராம், மசாலா 2 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா மாவு அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். நாட்டுச் சர்க்கரை 200 கிராம், முட்டை 2, எண்ணெய் 120 மில்லி, கெட்டித் தயிர் 60 கிராம், பரங்கி விழுது 245 கிராம். விழுதுக்கு முக்கால் கிலோ காய் எடுத்தால் போதும்.

எண்ணெயில் மசாலாவைக் கலந்து வைத்து, சர்க்கரை, முட்டை, தயிர், விழுது என்று வரிசையாகச் சேர்த்து அடித்து, கடைசியில் மாவைப் போட்டு வெள்ளை தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். 170 டிகிரியில் 55 முதல் 65 நிமிடம். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதாலும் நாட்டுச் சர்க்கரை சீக்கிரம் கறுப்பதாலும், 35வது நிமிடத்தில் மேலே ஃபாயில் போடுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்கக் கூடாது. நடுவில் குத்தும் குச்சியில் ஈர மாவு வரக் கூடாது; ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. சோடாவைக் கூட்டினால் நன்றாக எழும்பும் என்று ஒரு ஸ்பூன் போடுகிறவர்கள் உண்டு. எழும்பியது தாங்காமல் அமுங்கும், கேக் கறுத்துச் சோப்பு ருசி வரும். பழி ஜாதிக்காய் மேல் விழும்.

வெட்ட மறுநாள் வரை பொறுங்கள். முதல் நாள் கிராம்பு முன்னால் நிற்கும், இரவு முழுக்க இருந்தால் சமனாகிவிடும்.

கடலோர_கேக்:

ஈஸ்ட் கேள்விக்கு: ஓரளவு உண்மைதான். பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜினாலும் கிருமிகளை அடக்குகிறவை, ஈஸ்டும் ஒரு உயிர்தானே. 300 கிராம் மைதா மாவுக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். அதற்கே ஒரு மணியில் எழும்பும் மாவு ஒன்றேகால், ஒன்றரை மணி எடுக்கும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அழுத்தமான வாசனை வேண்டுமென்றால் மசாலாவை மாவில் போடாமல் உள்ளே தடவுங்கள்: 60 கிராம் மென்மையான வெண்ணெய், 80 கிராம் நாட்டுச் சர்க்கரை, 2 டீஸ்பூன் மசாலா, ஒரு டீஸ்பூன் மைதா. அந்த மைதாவை விட்டுவிட்டால் சர்க்கரை உருகித் தட்டில் வழிந்து அடி கருகும்.

ருசி பார்த்துத் திருத்துவதற்கு: நாக்கு மரத்தால் கிராம்பு கூடியிருக்கிறது. கஷாயம் போல இருந்தால் சுக்கு அல்லது மிளகு. இரண்டுக்கும் மருந்து பட்டைப் பொடிதான், 40 கிராமுக்கு 5 கிராம் சேர்த்துப் பாருங்கள். ஜாதிக்காயை மட்டும் எக்காரணத்துக்கும் கூட்ட வேண்டாம், அளவுக்கு மிஞ்சினால் தலைசுற்றலும் குமட்டலும் தரும் பொருள் அது.

பெரியமார்க்கெட்_பை:

சல்லடையில நின்ன நாரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது காபிக்கு ஆகும். இந்தப் பொடியை நேரா டம்ளர்ல போட்டா கேசியா தண்ணில ஊறி அடியில வழவழன்னு தங்கும், கடைசி வாய் குடிக்க முடியாது. அதுக்குப் பாகு காய்ச்சிடுங்க. 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, 200 மில்லி தண்ணி, அந்த நார் மொத்தம் (10 கிராம் தேறலைன்னா ஒரு துண்டுப் பட்டையும் தட்டின சுக்கும் சேத்துக்குங்க). சின்னத் தீயில பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, சூட்டோட துணியில வடிகட்டுங்க. ஆறினப்புறம் வடிகட்டினா வழவழப்பு துணியை அடைச்சிடும். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம் இருக்கும். 150 மில்லி டம்ளருக்கு ரெண்டு டீஸ்பூன், டிகாக்‌ஷன்ல முதல்ல கலந்துட்டு அப்புறம் பாலை ஊத்துங்க.